நொன்ஸ்டிக் கல்லில் தண்ணீர் உருள்கிறது, ஆனால் தோசை வேகவில்லை

கிணற்றடி:
கோண்டாவிலில் எங்கள் வீட்டில் அம்மா ஒரே இரும்புக்கல்லில்தான் இத்தனை வருடமும் தோசை சுடுவா. விரல் நுனியால் தண்ணீர் தெளிப்பா. சுர்ரென்று உடனே வற்றினால் மா ஊற்றலாம். துளி முத்தாக ஓடினால் கல் கூடக் காய்ந்துவிட்டது, அடுப்பைத் தணிக்க வேண்டும். போன மாதம் நொன்ஸ்டிக் கல் வாங்கினேன். தெளித்த உடனேயே துளி ஓடுகிறது. சூடு கூடிவிட்டது என்று தணித்தால், தோசை ஓட்டை விழாமல் வெளிறி, பச்சை மா வாசத்தோடு வருகிறது. அம்மாவின் கணக்குப் பிழையா?

வடலி:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் தண்ணீர் தெளிப்பதையே விட்டுவிட்டேன். யாராவது விளக்கம் சொல்லுங்கோ.

பழைய மாஸ்டர்:
தங்கச்சி, அம்மாவின் கணக்குச் சரி. ஆனால் அது இரும்புக்கான கணக்கு.

இரும்பில் தண்ணீர் பரவி ஒட்டும். 150 பாகை செல்சியஸ் அளவில் அடியில் குமிழி வெடித்து, கண் மூடித் திறக்க முன் வற்றிவிடும். 200 பாகைக்குக் கிட்டப் போனால், கல்லைத் தொட்ட கணத்திலேயே துளியின் அடிப்பக்கம் ஆவியாகி மெத்தை போட்டுவிடும். மெத்தையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்களவுதான். ஆவி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அதனால் அந்தத் துளி ஒரு நிமிடம்கூட நின்று ஓடும். 150 பாகையில் உடனே வற்றின துளிக்கு 200இல் ஆயுள் கூடிவிடுகிறது! இத்தனை வருடம் பௌதிகம் படிப்பித்தும் எனக்கு இந்த இடத்தில் ஆச்சரியம் தீரவில்லை. 1756இல் லைடன்ஃப்ரொஸ்ட் என்ற ஜெர்மன் வைத்தியர் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் துளி விட்டுப் பார்த்து இதை விரிவாக எழுதினார். அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

உங்கள் புதுக்கல்லில் நடப்பது வேறு. அதன் நொன்ஸ்டிக் பூச்சில் தண்ணீரின் தொடுகைக் கோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு செய்கிற கோணம், 110 பாகையளவு. இந்தக் கோணம் கூடக் கூடத் துளி பரவாமல் உருண்டையாகும். கல் குளிர்ந்து கிடந்தாலும் துளி முத்தாகத்தான் நிற்கும். அடுப்பில் வைக்க முன் ஒருக்கால் தெளித்துப் பாருங்கோ. தாமரை இலையில் அந்தக் கோணம் 150ஐயும் தாண்டும். மெழுகும் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் சேர்ந்து செய்கிற வேலை அது. 2012இல் ஆய்வாளர்கள் உருக்கு உருண்டைகளுக்கு அப்படியொரு பரப்புக் கொடுத்து, சூடாக்கித் தண்ணீரில் விட்டார்கள். உருண்டை ஆறி முடியும்வரை ஆவிப்படலம் உடையவில்லை, குமிழி வெடித்துக் கொதிக்கவும் இல்லை.

ஆகவே ஓட்டத்தைப் பார்க்காமல் சத்தத்தைக் கேளுங்கோ. சத்தமில்லாமல் தெளிவாக ஓடினால் கல் காயவில்லை. துளி நடுங்கி, அடியில் குமிழி கட்டி, சுர்ரென்று சுருங்கினால் மா ஊற்றலாம். மற்றது, சுர்ரென்பது நின்று திரும்ப முத்து ஓடுமட்டும் வெறும் கல்லைக் காய்ச்ச வேண்டாம். 260 பாகைக்கு மேல் பூச்சுப் பழுதாகத் தொடங்கும்.

கிணற்றடி:
நன்றி மாஸ்டர். இன்று காலை முதலில் குளிர்ந்த கல்லில் தெளித்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே முத்துமுத்தாக நின்றது. அடுப்பை மூட்டிக் காது கொடுத்து நின்றேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு துளியின் அடி வெள்ளையாகி, சின்னதாகச் சுர்ரென்றது. அப்போது ஊற்றின தோசையில் ஓட்டை நிறைய விழுந்தது. முதல் தோசையை அம்மாவுக்குத்தான் கொடுத்தேன்.