கொக்கோபோலோ முகப்பு பிளக்கிறது, வார்னிஷும் காயவில்லை

தந்திமீட்டி:
நானே செய்யும் ஐந்து தந்தி பேஸ் கிட்டார், 35 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்). உடல் 38 மி.மீ. மஹாகனி, மேலே முகப்பாக 6 மி.மீ. கொக்கோபோலோ (ரோஸ்வுட் இன மரம்). மஞ்சள் மரப்பசை போட்டு ஒரு நாள் முழுக்கக் கிளாம்பில் இருந்தது. பலகையை இழைத்தது பசை போடுவதற்கு மூன்று நாள் முன்பு. பன்னிரண்டாம் நாள் உடலின் கீழ்க்கொம்புப் பக்கம் 8 செ.மீ. பிளந்துவிட்டது. எண்ணெய் வார்னிஷ் ஒரு கை அடித்து ஐந்து நாளாகியும் விரல் ஒட்டுகிறது. கழுத்து சிவப்பு மரமான படாக், வெளிர் மரமான மேப்பிள் மாறி மாறி ஐந்து பட்டை. உப்புத்தாள் போட்டால் மேப்பிள் சிவந்துபோகிறது. எங்கே தவறு?

இழைப்புளி:
முதலில் பிளவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கொக்கோபோலோ பக்கம் வழவழவென்று இருந்து, பசை மொத்தமும் மஹாகனியோடு தகடாக நின்றால், கொக்கோபோலோ மரத்துக்குள்ளேயே இருக்கும் எண்ணெய்தான் பசையைப் பிடிக்கவிடவில்லை. இரண்டு பக்கமும் மரநார் கிழிந்து தெரிந்தால் பசை பிடித்திருக்கிறது, மரம் அசைந்து கிழித்திருக்கிறது என்று பொருள். அப்போது சந்தேகம் ஈரப்பதத்தின் மேல். பிறகு 0.1 மி.மீ. ஃபீலர் தகட்டை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விளிம்பு முழுக்கச் செருகிப் பாருங்கள்.

அரக்குக்கை:
வார்னிஷ் காயாததற்கும் அதே எண்ணெய்தான் காரணம். எண்ணெய் வார்னிஷ் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும். ரோஸ்வுட் இன மரங்களின் சாறு அதைத் தடுக்கிறது. எத்தனை நாள் காத்திருந்தாலும் பயனில்லை. டர்பன்டைனில் துடைத்து எடுத்துவிட்டு, மெழுகு நீக்கிய ஷெல்லாக் (ஆல்கஹாலில் கரைத்த அரக்கு) இரண்டு கை மெல்லியதாக அடியுங்கள். மறுநாள் அதே வார்னிஷை அடிக்கலாம்.

கழுத்துக்கு உப்புத்தாளே வேண்டாம். படாக் தூள் மேப்பிளின் துளைக்குள் போய் உட்காருகிறது. கூரான ஸ்கிரேப்பர் தகட்டால் நீளவாக்கில் மட்டும் சுரண்டி, தூளை வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். துணியால் துடைக்கக் கூடாது. இன்னொன்று: படாக்கின் சாயம் ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் கரையும். ஷெல்லாக்கைத் தூரிகையால் இழுத்தால் சிவப்பு மேப்பிள் மேல் கோடாக இறங்கும். முதல் இரண்டு கை ஸ்பிரே, அதுவும் தூவலாக.

தந்திமீட்டி:
கொக்கோபோலோ பக்கம் வழவழப்புதான். பிரிட்ஜ் (தந்தியைத் தாங்கும் பாலம்) பக்க விளிம்பிலும் தகடு நுழைகிறது.

இழைப்புளி:
அப்படியென்றால் ஊசியில் பசை ஏற்றி ஒட்டுப்போடாதீர்கள், முகப்பையே கழற்றுங்கள். மஞ்சள் பசை சூட்டில் இளகும். மெல்லிய கரண்டித் தகட்டைச் சூடாக்கி, பிளந்த இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் அவசரப்பட்டு மரத்தின் மேலேயே அயர்ன் வைத்தால் 6 மி.மீ. பலகை வெடிக்க வாய்ப்புண்டு.

பழைய பசையை இரு முகத்திலும் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். கொக்கோபோலோவை வாரம் ஒருமுறை எடைபோட்டு, எடை மாறாமல் நின்ற பிறகே ஒட்டுங்கள். ஒட்டும் நாளில் இழைத்து, 80 எண் தாளால் கீறல் விட்டு, வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து ஒரே போக்கில் துடையுங்கள். துணியில் ஆரஞ்சு நிறம் குறையும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அசிட்டோன் ஆவியானதும் உடனே பசை. தாமதித்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். மெதுவாக இறுகும் எபோக்சியே (இரண்டு பகுதியைக் கலந்து போடும் பசை) நல்லது, ஐந்து நிமிட வகை இதற்கு ஆகாது. இரு முகத்திலும் பூசி, கிளாம்பை ஓரம் கசிகிற அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அழுத்திப் பிழிந்தால் எபோக்சி வெளியேறி மூட்டு வறண்டுவிடும். எபோக்சியில் முகப்பு வழுக்கும், அதனால் பிக்கப் (தந்தி ஒலியை வாங்கும் காந்தக் கருவி) குழி வரும் இடத்தில் இரண்டு ஆணி முளை வைத்துக்கொள்ளுங்கள்.

தச்சுப்பட்டறை:
அசிட்டோனை விட அப்போதே இழைத்த முகம்தான் முக்கியம் என்பது என் கருத்து. இரண்டும் செய்தால் இன்னும் நல்லது. ஆனால் சுரண்டும்போதும் தேய்க்கும்போதும் முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். கொக்கோபோலோ தூள் தோலில் தடிப்பு வரவைக்கும். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை என்று நம்பாதீர்கள், ஒவ்வாமை பழகப் பழகத்தான் வரும்.