அம்பாசிடருக்குப் புது ஷாக் அப்சார்பர்: ஆயிலா, கேஸா?

பாளை அம்பாசிடர்:
அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் 1986ஆம் ஆண்டு பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று இன்றும் ஓட்டத்தில் இருக்கிறது. வயதான தாயாரைத் தென்காசிக்கும் திருச்செந்தூருக்கும் அழைத்துச் செல்லத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. ஊர்களுக்குள் வேகத்தடை ஏறி இறங்கினால் பின்பக்கம் பலமுறை எழுந்து தாழ்ந்த பிறகே அடங்குகிறது. பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்த தடம் தெரிகிறது. மாற்றியாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடைக்காரர் கேஸ் ஷாக் போட்டால் மெத்தென்று போகும் என்கிறார். மெக்கானிக்கோ, இக்காலத்து ஜீப் ஒன்றின் ஷாக் இதற்குப் பொருந்தும், அதையே போடலாம் என்கிறார். பின் இருக்கையில் அமர்பவருக்கு இடுப்பு வலிக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் ஒரே தேவை. எதைத் தேர்ந்தெடுப்பது?

தச்சநல்லூர்ப் பட்டறை:
அண்ணாச்சி, வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் அன்று. முன்னால் டார்ஷன் பாரும் (முறுங்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டு) பின்னால் பட்டையுமே (லீஃப் ஸ்பிரிங்) எடையைத் தாங்குகின்றன. அவை ஆடும் ஆட்டத்தை, சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளிச் சூடாக மாற்றி அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. ஆகையால் ஆட்டம் அடங்கவில்லை என்றால் குறை ஷாக்கில் இருக்கலாம். குலுக்கல் இடுப்பில் அடிக்கிறது என்றால் பட்டையையும், இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்ஷையும், டயர்க் காற்றையும் முதலில் பார்க்க வேண்டும். பட்டைகளுக்கு இடையே துருப்பிடித்து ஒன்றோடொன்று இறுகிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷாக்காலும் அந்த அடியைக் குறைக்க முடியாது. பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இந்த வண்டிக்கு முதலில் வந்தது 5.90-15 அளவுள்ள பழைய வகை டயர். இப்போது ரேடியல் போட்டிருந்தால், பழைய வழக்கப்படி காற்றை ஏற்றாமல் அந்த டயருக்கு உரிய அழுத்தத்தைக் கேட்டு வையுங்கள்.

இனி ஷாக்குக்கு வருவோம். கேஸ் என்றால் மென்மை என்று எண்ணுவது நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது, அது சரியன்று. நைட்ரஜன் வாயுவை அடைப்பது எண்ணெய் நுரைக்காமல் இருப்பதற்காகவே. அந்த அழுத்தம் ஷாக்கின் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் வண்டி சற்றே இறுக்கமாகத்தான் உணரப்படும். ஒற்றைக் குழாய் வகையில் அழுத்தம் ஏறக்குறைய 20 பார் வரை இருக்கும் என்பதால் இந்த இறுக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். தாயாரின் வசதிதான் முக்கியம் என்றால், அம்பாசிடருக்கென்றே செய்த சாதாரண இரட்டைக் குழாய் ஆயில் ஷாக்கையே நான் பரிந்துரைப்பேன்.

ஜீப்பின் ஷாக் வேண்டாம். முனையில் உள்ள வளையமான கண்ணும் போல்ட்டும் பொருந்திவிடுவதால் மட்டும் அது உங்கள் வண்டிக்கு உரியதாகிவிடாது. பட்டை சுருங்கிய பின் மீண்டும் விரிவதைத் தடுக்கும் விசை, அந்தந்த வண்டியின் பட்டைக்கும் அச்சின் எடைக்கும் ஏற்ப அமைக்கப்படுகிறது. அது உங்கள் பட்டைக்கு மிகையானால், நாற்கரச் சாலைச் சந்திப்புகளில் வரிசையாகப் போட்டிருக்கும் மேடுகளில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே பட்டை விரியப் போதிய நேரம் கிடைக்காது; வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் அச்சு சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்க் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் மோதும். அந்த அடிதான் நேரே முதுகெலும்பில் ஏறும்.

வாங்கும் முன் அளவெடுத்துக்கொள்ளுங்கள். ஷாக்கின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள தூரத்தை, வண்டி தரையில் நிற்கும்போதும், சேஸிஸைத் தூக்கி அச்சு தொங்கும்போதும், பம்ப் ஸ்டாப்பைத் தொடும்போதும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். முழுதும் சுருங்கிய ஷாக்கின் நீளம் மூன்றாவது அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையெனில் பம்ப் ஸ்டாப் தாங்க வேண்டிய அடியை ஷாக்கே வாங்கி உடையும். முழுதும் விரிந்த நீளம் தொங்கும் அளவுக்குக் குறையக் கூடாது. வண்டி நிற்கும் நிலையில் தண்டு ஏறத்தாழ நடுவில் இருப்பது நல்லது.

மணிமுத்தாறு ஜீப்:
மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். கேஸை அடியோடு ஒதுக்குவதை மட்டும் ஏற்க இயலவில்லை. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து வரை கரடுமுரடான பாதையில் ஓயாமல் ஏறும் என் பழைய ஜீப்பில், ஆயில் ஷாக் சூடேறி எண்ணெய் நுரைத்துவிட்டால் பாதி வழியிலேயே அடக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. குறைந்த அழுத்தமுள்ள இரட்டைக் குழாய் கேஸ் வகை அங்கே கைகொடுக்கிறது. தார்ச் சாலையில் தென்காசி போய் வரும் அம்பாசிடருக்கு அது தேவையில்லை என்பது உண்மைதான்.

உவரி மைனர்:
என்னிடம் இருப்பது மோரிஸ் மைனர். அதில் குழாய் வடிவ ஷாக் கிடையாது; கை வடிவ லீவர் ஷாக்தான். முன்பக்கத்தில் அந்தக் கையே சக்கரத்தைப் பிடிக்கும் மேல் இணைப்பாகவும் இருப்பதால், அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்ட வழியில்லை. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்போர் சீல் மாற்றி, உரிய ஷாக் ஆயிலை ஊற்றிப் புதுப்பிப்பதே முறை. பிரேக் ஆயிலை ஊற்றச் சொல்வோரிடம் வண்டியை விடாதீர்கள். கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகும் வண்டிகளில் உப்புக் காற்றால் தண்டின் முலாம் அரித்து, அந்தச் சொரசொரப்பே சீலைக் கிழித்துவிடும். ஆகவே வாங்கும்போது தூசி மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பாளை அம்பாசிடர்:
மூவருக்கும் நன்றி. நேற்று வண்டியைத் தூக்கிப் பார்த்ததில் வலப்பக்க ஷாக்கிள் புஷ் முழுதும் நைந்திருப்பதும், பட்டைகள் துருவில் இறுகியிருப்பதும் தெரிந்தன. அவற்றைச் சரிசெய்த பிறகு ஆயில் ஷாக்கையே வாங்கலாம் என்றிருக்கிறேன். ஒரு பக்கத்தில்தான் கசிவு அதிகம். ஒன்றை மட்டும் மாற்றலாமா?

தச்சநல்லூர்ப் பட்டறை:
கூடாது அண்ணாச்சி. ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கடையில் படுக்கப்போட்டு வைத்திருந்த ஆயில் ஷாக்கில் காற்று உள்ளே இடம் மாறியிருக்கும் என்பதால், பூட்டும் முன் நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை முழுதும் இழுத்து அமுக்குங்கள். இடையில் வெற்றாக நழுவாமல் ஒரே சீராக நகரத் தொடங்கிய பின் பூட்டலாம். பட்டை, ஷாக்கிள் ஆகியவற்றின் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கில் இருக்கும்போது இறுக்கிவிடாமல், சக்கரம் தரையில் ஊன்றி எடை இறங்கிய பிறகே கடைசியாக முறுக்குங்கள். இல்லையெனில் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துவிடும்.