4,500 ரூபாய்க்குள் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாமான்: எதை இப்போ வாங்கணும், எதை விடலாம்?

தண்டையார்பேட்டைக்காரி:
வணக்கம். ஜூனில் பையன் மூணாம் வகுப்பு, தனியார் மெட்ரிக் பள்ளி. பொண்ணை ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்க்கிறோம். பையன் பள்ளிப் பட்டியலில் 192 பக்க நோட்டு 14 (நாலு கோடு 3, கட்டம் போட்டது 2, மீதி ஒரு கோடு), பிரவுன் ஷீட், லேபிள், பென்சில், கிரயான், பை, ஷூ எல்லாம் இருக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து 4,500 ரூபாய்தான். பையன் சீருடைக்குத் தனியா எடுத்து வச்சாச்சு. எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும்? கடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?

சாக்பீஸ்:
பொண்ணுக்கு இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம், நோட்டு, பை, காலணி, ஜியோமெட்ரி பாக்ஸ், அட்லஸ் எல்லாம் விலையில்லாமல் வரும். சத்துணவில் பேர் கொடுத்தால் எட்டாம் வகுப்பு வரை சீருடையும் நாலு செட் உண்டு. புத்தகமும் நோட்டும் பெரும்பாலும் திறந்த உடனே கைக்கு வந்துடும். பையும் காலணியும் தாமதமாகலாம். அதுவரைக்கும் போன வருஷத்துப் பை போதும். பேனா நாலு, ரஃப் நோட்டு ஒண்ணு, டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், இவ்வளவுதான் நீங்க பார்க்க வேண்டியது. ஆக, பணம் கிட்டத்தட்ட முழுக்கப் பையனுக்குத்தான்.

அவன் பட்டியலில் 14 நோட்டு இருந்தாலும் முதல் நாளே 14 தேவைப்படாது. பாடத்துக்கு ஒண்ணுன்னு ஏழு எட்டு வாங்கி அனுப்புங்க, மீதியை எப்போ கேட்பாங்கன்னு வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுக்குங்க. மூணாம் வகுப்பில் நாலு கோடு நோட்டு சீக்கிரம் தீரும், ஓவிய நோட்டும் பொது அறிவு நோட்டும் பாதிகூடத் தாண்டாது. அந்த இரண்டுக்கும் 96 பக்கம் போதுமான்னு கேளுங்க, பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க. பள்ளிப் பெயர் அச்சடிச்ச நோட்டுதான் வேணுமா, வெளியில் வாங்கலாமா என்பதையும் பணம் கட்டும் முன்னாடி கேட்டுடுங்க.

பந்தர் தெரு பழக்கம்:
சென்னை தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை பக்கம்தானே அக்கா. பந்தர் தெரு, ஆண்டர்சன் தெரு மொத்தக் கடைகளில் டஜன் கணக்கில் எடுத்தால்தான் விலை இறங்கும். அதுவும் ஒரே கோடு ஒரு டஜன்னு கேட்பாங்க. அதனால் அதே வகுப்புப் பிள்ளை இருக்கும் இன்னும் இரண்டு வீட்டோடு சேர்ந்து, நாலு கோடு, கட்டம், ஒரு கோடு மூணையும் கூட்டிக் கணக்குப் போட்டுட்டுப் போங்க. ஞாயிறு பெரும்பாலான கடை மூடியிருக்கும். மே கடைசி வாரம் நிற்க இடம் இருக்காது, மே நடுவிலேயே போயிடுங்க.

நோட்டை எடுத்ததும் மூணு விஷயம் பாருங்க:

பக்கக் கணக்கு. 192ன்னு போட்டிருப்பதில் பொருளடக்கம், அச்சடிச்ச பக்கம் எல்லாம் அடக்கம்னு சின்ன எழுத்தில் இருக்கும். விலையைப் பக்கத்தால் வகுத்துப் பாருங்க. 192 பக்கம் 60 ரூபாய்னா பக்கத்துக்கு 31 பைசா; 96 பக்கம் 35 ரூபாய்னா 36 பைசா. சின்ன நோட்டு மலிவு மாதிரி தெரியும், ஆனா முழுசா எழுதித் தீர்க்கிற பாடத்துக்குப் பெரியதுதான் லாபம்.

தாள். ஜெல் பேனாவால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிப் பின்னால் திருப்புங்க. மை ஊறினால் வேண்டாம். பென்சிலில் எழுதுற பையனுக்கு அழிக்கிறதுதான் சோதனை. மெல்லிய தாள் இரண்டாவது தடவை ரப்பர் வைக்கும்போதே நூல் நூலாய் எழும்பி ஓட்டை விழும்.

பின். நடுவில் இரண்டு பின் அடிச்ச நோட்டில் பின் வளைஞ்சு உள்பக்கம் படுத்திருக்கணும். நுனி தூக்கிட்டு நின்னா விரலைக் கிழிக்கும், நடுத்தாளும் முதல் மாசமே கழன்றுடும்.

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரயானுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஜியோமெட்ரி பாக்ஸுக்கு 5 சதவீதம். பில்லில் நோட்டுக்கு வரி போட்டிருந்தால் தயங்காமல் கேளுங்க.

பிரவுன் ஷீட் தனித்தனியா வாங்காமல் ரோலா வாங்குங்க. 24க்கு 18 சென்டிமீட்டர் நோட்டை விரிச்சால் முதுகோடு 37, இரண்டு பக்கமும் மடிக்க ஐந்து ஐந்து, மொத்தம் 47. ஐந்து மீட்டர் ரோலில் பத்து நோட்டு வரும். பருவம் பருவமாகப் புத்தகம் வரும் வகுப்புன்னா அதுக்கும் சேர்த்து எடுத்துக்குங்க.

ஊசியும் நூலும்:
பழைய பையைத் தூக்கிப் போடும் முன்னாடி ஒரு தடவை பாருங்க. ஜிப் மூடின பிறகும் பின்னால் வாய் பிளந்தால் பல் போகலை, ரன்னர்தான் தளர்ந்திருக்கு. ரன்னரின் பின்பக்க இரு ஓரத்தையும் கொறடால் லேசா, சமமா அழுத்துங்க. ஒரேயடியா அழுத்தினால் உடையும். அதுக்கும் சரிவராவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றித் தருவாங்க. தோள்பட்டை பிய்ஞ்சால் செருப்பு தைக்கிறவரிடம் உள்ளே ஒரு துணித்துண்டு வச்சுக் கட்டமும் குறுக்குமாகத் தைக்கச் சொல்லுங்க. ஒரே கோடாகத் தைச்சால் அதே இடத்தில் மறுபடி கிழியும்.

புதுசுதான்னு ஆனால், காலிப் பையைக் கையில் தூக்கிப் பாருங்க. 2020ல் வந்த மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை மூணாம் வகுப்புக்குச் சுமை 1.7 முதல் 2.5 கிலோன்னு சொல்லுது. பையே முக்கால் கிலோ இருந்தால் புத்தகத்துக்கு என்ன மிச்சம்? சக்கரமும் பொம்மை முகமும் வச்ச பை வேண்டவே வேண்டாம்.

ஷூவுக்கு மட்டும் பையனைக் கூட்டிட்டுப் போயே ஆகணும். சாயங்காலம், பள்ளி சாக்ஸ் போட்டு, நிற்க வச்சுப் பாருங்க. பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் போதும். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்னு இரண்டு சைஸ் பெரிசா எடுத்தால் குதிகால் வழுக்கிக் கொப்புளம் வரும், பஞ்சு வச்சும் நிற்காது. திறக்கும் வாரத்தில் எடுங்க. ஏப்ரலில் எடுத்தது ஜூனில் பத்தாமல் போகலாம்.

தண்டையார்பேட்டைக்காரி:
ரொம்ப நன்றிங்க. வீட்டில் போன வருஷ நோட்டு ஒன்பது பாதி எழுதாமல் கிடக்கு. ரஃப் நோட்டா கட்டலாமா? கிழிச்சால் எல்லாம் தனித்தனியா வருது.

பந்தர் தெரு பழக்கம்:
தனித்தனியாத்தான் வரும் அக்கா. நடுப்பின் நோட்டில் முதல் பக்கத் தாளும் கடைசிப் பக்கத் தாளும் ஒரே தாளின் மடிப்பு. முன்பாதி எழுதியிருந்தால் காலிப் பாதி முழுக்க எழுதின தாளோடு ஒட்டியிருக்கும். பின்னைக் கழற்றிட்டு, மடிப்பில் ஸ்கேல் வச்சுக் கத்தியால் அறுத்து, காலித் தாளை மட்டும் அடுக்கி ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போடுங்க. ஒரே அளவு நோட்டையா சேருங்க, இல்லைன்னா ஓரம் வெட்டக் கூலி கேட்பாங்க. ஒரு கட்டுக்கு நூறு தாளுக்கு மேல் வேண்டாம், பிள்ளை புரட்டும்போது தாள் கம்பியில் மாட்டிக் கிழியும்.

சாக்பீஸ்:
பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறதைப் பற்றி: மொத்தக் கடைக்கு வேண்டாம், அந்தக் கூட்டத்தில் நீங்க தாளைத் தடவிப் பார்க்கக்கூட முடியாது. ஷூ எடுக்கப் போற அன்னைக்கே பென்சில், லேபிள், டிபன் பாக்ஸ் வாங்க வச்சுக்குங்க. ஆளுக்கு 150 ரூபாய் கவரில் போட்டுக் கையில் கொடுத்து, அவங்க சாமானை அவங்களே பார்த்து எடுக்கட்டும். பொண்ணு கவரும் அதே தொகையா இருக்கட்டும். தம்பிக்கு மட்டும் எல்லாம் புதுசுன்னு அவ மனசில் பட்டுடக் கூடாது. பென்சில் எச்பி பத்து போதும், ஷார்ப்னர் மட்டும் இரண்டு வாங்குங்க. பென்சில் முனை திரும்பத் திரும்ப உடைஞ்சால், பாதி நேரம் குற்றம் மழுங்கின பிளேடுமேலதான்.