கலைக்குழு மானியம்: யார் மதிப்பெண் போடுகிறார்கள், எதைப் பார்த்து?

குடந்தைவாசி:
எங்கள் பக்கத்துத் தப்பாட்டக் குழுவுக்கு இந்த முறையும் அரசு மானியம் கிடைக்கவில்லை. ‘தேர்வாகவில்லை’ என்று ஒரே வரியில் பதில். ஆள் வைத்து விண்ணப்பம் எழுதும் சபாவுக்குக் கிடைத்திருக்கிறது. தெருப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு ‘திட்ட நோக்கம்’, ‘எதிர்பார்க்கும் விளைவு’ என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுத வராது. எழுதத் தெரிந்தவருக்கா, அடிக்கத் தெரிந்தவருக்கா இந்தப் பணம்?

மன்னார்குடி_சிட்னி:
அண்ணே, ஆதங்கம் நியாயம்தான். ஆனால் எழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சிபாரிசுதான். நான் இங்கே சிட்னியில் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறவன். பல்பண்பாட்டுக் குழுக்களுக்கான மானியத்தில் முதலில் தகுதி பார்ப்பார்கள்: சங்கம் பதிவானதா, பழைய மானியத்துக்குக் கணக்குக் கொடுத்தாயிற்றா, கெடுவுக்குள் வந்ததா. இதில் விழுந்தால் உள்ளே இருப்பதைப் படிக்கவே மாட்டார்கள். தாண்டியவற்றுக்குத்தான் மதிப்பெண். தேவை என்ன, யாருக்குப் பயன், நடத்திக்காட்டும் திறன் உண்டா, கேட்கிற தொகை வேலைக்குத் தகுமா என்று பார்ப்பார்கள். ‘நல்லிணக்கம் வளரும்’ என்று மட்டும் எழுதினால் ஒன்றும் தேறாது. ‘பக்கத்து வியட்நாமியர் சங்கத்தோடு சேர்ந்து நடத்துகிறோம், அவர்கள் கடிதம் இணைப்பில்’ என்றால் மதிப்பெண் ஏறும். தொகை ஒன்று, கேட்பவர் பலர் என்பதால் நல்ல விண்ணப்பமும் தோற்கும்.

நாகூர்க்காரி:
தம்பி, நீங்கள் சொல்லும் முதல் சுற்றிலேயே எங்கள் ஆட்கள் காலி. டெல்டாவைவிடப் பல்பண்பாடு எங்கே இருக்கிறது? மெலட்டூரில் தெலுங்கில் பாகவத மேளா நாட்டிய நாடகம், கும்பகோணத்தில் சௌராஷ்டிரர், தஞ்சையில் மராத்தியர், எங்கள் ஊரில் தப்ஸ் அடித்துப் பாடும் பக்கீர்கள். அந்தப் பக்கீர்களில் யார் 1975 சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்திருக்கிறார்கள்? மத்திய அரசு மானியம் என்றால் தர்பன் எண் (தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளத்தில் பதிந்து வாங்குவது), தணிக்கைக் கணக்கு, பழைய பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்ததாகப் பயன்பாட்டுச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். அவர்கள் பாட்டை ஒருவரும் கேட்காமலேயே முடிவாகிவிடுகிறது.

மன்னார்குடி_சிட்னி:
அதற்கு இங்கே ஒரு வழி உண்டு அக்கா. பல மானியங்களில், பதிவில்லாத குழுவுக்காகப் பதிவான அமைப்பு ஒன்று விண்ணப்பிக்கலாம். பணமும் கணக்கும் அந்த அமைப்பின் பொறுப்பு.

குடந்தைவாசி:
அப்படியென்றால் மறுபடியும் சபா வாசலில்தான் நிற்கணும். அவர்கள் முதலாளி, அடிக்கிறவன் கூலி ஆள்! அப்புறம், உங்கள் ஊர் மதிப்பெண் எவ்வளவு நின்றது? ஆஸ்திரேலியாவில் விளையாட்டு மன்றங்களுக்குக் கொடுத்த மானியத்தைப் பற்றி 2020 ஜனவரியில் தணிக்கை அறிக்கை வந்ததே. மூன்றாவது சுற்றில் ஒப்புதல் பெற்றவற்றில் 73 சதவீதம், விளையாட்டு ஆணையம் பரிந்துரைக்காதவை. அமைச்சர் பிரிட்ஜெட் மெக்கென்சி அடுத்த மாதமே பதவி விலகினார்.

மன்னார்குடி_சிட்னி:
மறுக்கவில்லை அண்ணே. ஆனால் அது வெளியே வந்ததே மதிப்பெண் தாளில் இருந்ததால்தான். பட்டியல் ஒன்று, ஒப்புதல் வேறு என்று தணிக்கையாளர் ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது. இன்று ஆஸ்திரேலிய மத்திய அரசின் மானிய விதிப்படி, அதிகாரிகள் வேண்டாம் என்றதை அமைச்சர் கொடுத்தால் நிதியமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும். கொடுத்த மானியங்கள் கிரான்ட்கனெக்ட் என்ற அரசு இணையதளத்தில் ஊரறிய வரும். நம் ஊரிலும் முதலில் இதைத்தான் கேட்கணும்.

ஐயாறன்:
கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. பதிவும் கணக்கும் கேட்பது தப்பில்லை, அது பொதுப்பணம். ஆனால் சிறு தொகைக்கும் பெரிய தொகைக்கும் ஒரே படிவம் வைப்பது அநியாயம். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, வித்தியாசம் பெரிதாக இருந்தால் உட்கார்ந்து பேசணும். குழுவில் இருப்பவரின் சீடர் விண்ணப்பம் வந்தால் அவர் எழுந்து வெளியே போகணும், குறிப்பேட்டில் அது ஏறணும்.

குடந்தைவாசி, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தரணும். ‘ஏன் கொடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். மதிப்பீட்டு அளவுகோல், உங்கள் குழுவின் மதிப்பெண், கூட்டக் குறிப்பின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள்.

குடந்தைவாசி:
சரி ஐயா, வாத்தியார் பெயரிலேயே போடுகிறோம். ஆனாலும் என் கட்சி மாறவில்லை. ஊருக்கு வந்து, ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடட்டும்.

நாகூர்க்காரி:
வருவதென்றால் கந்தூரிக்கு வரச் சொல்லுங்கள். பக்கீர்கள் வாயால் சொல்வதைப் பதிவு செய்து அதையே விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளட்டும். எழுதும் வேலையை அலுவலகம் பார்க்கலாமே.