டெபியன் 13-க்கு மாறியபின் டிஎம்பி அடைவு காலி: கோப்புகளை மீட்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடைக் கணினியின் இயங்குதளமான டெபியன் லினக்ஸை 12-ஆம் பதிப்பிலிருந்து 13-க்கு உயர்த்தி, மறுதொடக்கம் செய்ததும், தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி (/tmp) அடைவு துடைத்து வைத்ததுபோல் காலியாக இருக்கிறது. மின்னஞ்சலில் வரும் ஏல பில்களைத் திறந்தால் மின்னஞ்சல் செயலி அங்கேதான் இறக்கி வைக்கும். புற்றடி, போடி ஏலங்களின் பிடிஎஃப் எல்லாம் அதில் இருந்தன. மறுபடி அனுப்பச் சொன்னால் "ஓணம் கழியட்டும்" என்கிறார்கள். ஆடிட்டருக்கு ஓணம் கிடையாது!

13-ஆம் பதிப்பில் டிஎம்பி அடைவு வட்டில் இல்லாமல் நினைவகத்தில் அமைகிறது என்று தெரியும். வட்டு இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளையும் அதை டிஎம்பிஎஃப்எஸ் (tmpfs, நினைவகத்தில் அமையும் கோப்பு முறைமை) என்றே காட்டுகிறது. 8 ஜிபி நினைவகத்தில் ஏறக்குறையப் பாதி அதன் உச்சவரம்பு. ஆனால் வட்டில் நிரம்பியிருந்த இடம் குறையவே இல்லை. அதனால் பழைய கோப்புகள் அழியவில்லை, புதிய அடைவு அவற்றின்மேல் ஏறி மறைத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

மூல அடைவை (/), ஓர் அடைவை இன்னோர் இடத்திலும் காட்டும் மவுண்ட் கட்டளையின் பைண்ட் விருப்பத்தோடு (mount --bind) எம்என்டி (/mnt) அடைவில் இணைத்தால் அடியில் உள்ளவை தெரியும் அல்லவா? கடை நடக்கும்போதே அதைச் செய்யலாமா, அல்லது எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் செய்ய வேண்டுமா? கோப்புகளின் பழைய தேதி மாறாமல் நகலெடுக்க வேண்டும். பில்களைத் தேதி வைத்துத்தான் பிரிக்கிறேன். இனி இறங்குபவை நேராக வீட்டு அடைவுக்கே போக எந்த அமைப்பை மாற்றுவது? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.