சீரியல் நடிகையை நேரில் பார்த்திருக்கிறீர்களா? கல்யாண மண்டபத்தில் என் அம்மா செய்த காரியம்

மேலமாசிவீதி:
இத்தனை வருஷமாக மனதில் கிடக்கிறது, இன்றைக்காவது கொட்டிவிடுகிறேன். 2007, மதுரை, அத்தை மகன் கல்யாணம். பெண் வீட்டுச் சொந்தமாக ஒரு சீரியல் வில்லி வந்திருந்தார். பெயர் வேண்டாம். மருமகளுக்குப் பாலில் மாத்திரை கலந்தவர் என்றால் அப்போது ராத்திரி டிவி பார்த்த யாருக்கும் புரியும்.

முகூர்த்தம் முடிந்து கூட்டம் பந்திக்கு நகர்ந்த நேரம். அக்காவின் குழந்தை என் அம்மா மடியில் இருந்தது. அந்த நடிகை வந்து குனிந்து, "வர்றியாடா தங்கம்?" என்று இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளையும் தாவியது. அம்மா வெடுக்கென்று அதை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "புள்ளைக்குப் பால் குடுக்கணும்" என்று எழுந்து போய்விட்டார். பிள்ளை பால் குடித்து ஏப்பம் விட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மடக்கி, ஏதோ அதற்காகத்தான் நீட்டியதுபோல, வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். காலேஜ் முதல் வருஷம். "சாப்பிட்டீங்களா?" என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். செல்ஃபி எடுத்த கதை வேண்டாம்.

சாலிகிராமம்_பழசு:
எங்கள் பக்கத்து வீடு ஷூட்டிங்குக்கு விடுகிற வீடு. சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். கீழே ஒரு சீரியலுக்கு ஜமீன் வீடு, மாடியில் பச்சைத் துணி கட்டி இன்னொரு சீரியலுக்கு ஐசியு. ஜெனரேட்டர் சத்தம், வாசலை அடைத்து நிற்கும் வேன் எல்லாம் பழகிவிட்டது.

2019இல் ஒரு நாள் அங்கே சாவுக் காட்சி. கணவனாக நடித்தவர் பாடையில். (ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கச் சொன்னார்கள். அது அவர்கள் சம்பிரதாயம்.) மனைவியாக நடித்த பெண் பொட்டழித்து, தலை கலைந்து, காலையிலிருந்து நாலு முறை ஓவென்று கத்தி அழுதிருந்தார். பிரேக் விட்டதும் நேராக எங்கள் காம்பவுண்டு சுவர் ஓரம் வந்து, "அக்கா, ஒரு ஸ்டிக்கர் பொட்டு கிடைக்குமா?" என்றார். என்ன, ஏது என்று விழித்தேன். "மாமியார் வீடியோ கால்ல வருவாங்க. இப்படிப் பார்த்தா பயந்துருவாங்க. அவர் வேற துபாய்ல இருக்கார்."

என் நெற்றியில் இருந்ததையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, "சாப்பிட்டேன் அத்தை, இன்னிக்கு லேசான சீன்தான்" என்று பத்து நிமிஷம் பேசினார். உள்ளேயிருந்து "மேடம், ரெடி" என்று குரல் வந்ததும் பொட்டை எடுத்து எங்கள் கேட் கம்பியில் ஒட்டிவிட்டுப் போனார். லேசான சீனாம்!

அடுத்த மழை வரைக்கும் அந்தப் பொட்டு அங்கேயே இருந்தது. நான் எடுக்கவில்லை.

சித்தப்பா_ரிட்டயர்டு:
மேலமாசிவீதிக்கு ஒரு வார்த்தை. அம்மாவைப் பொதுவெளியில் குற்றவாளி ஆக்குவது சரியில்லை. இந்தத் தலைமுறைக்கு அந்தக் காலம் தெரியாது. 1999 டிசம்பரில் சன் டிவியில் ‘சித்தி’ ஆரம்பித்தபோது தெருவே அமைதியாக இருக்கும். 1978இல் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் அறிமுகமான ராதிகா, தானே ராடான் என்று கம்பெனி வைத்து, தயாரித்து, நடித்து, தினமும் வீட்டுக்குள் வந்தார். சினிமா நட்சத்திரம் வருஷத்துக்கு இரண்டு படத்தில் வருவார். சீரியல்காரர் அப்போது வாரத்துக்கு ஐந்து நாள் வருவார். ‘கோலங்கள்’ 2003 நவம்பரிலிருந்து 2009 டிசம்பர் வரை, 1,500 எபிசோடுக்கு மேல் போனது. ஆறு வருஷம் தேவயானியை அபி என்றே கூப்பிட்ட வீடு எங்களுடையது. ‘மெட்டி ஒலி’யில் விஜியாக வந்த உமா மகேஸ்வரி 2021இல் காலமானபோது என் மனைவி போனில் தன் தங்கையிடம் சொன்னது, "விஜி போயிட்டாடி". அவ்வளவுதான் சொன்னாள். அவள் அழுததும் விஜிக்காகத்தான். முந்தைய வருஷம்தான் ஊரடங்கில் அந்த சீரியலைத் திரும்பப் போட்டு, நாங்கள் மறுபடி பார்த்திருந்தோம்.

ஆகவே உங்கள் அம்மா செய்தது இயல்பு. அந்த நடிகையும் வீட்டுக்குப் போய்ப் பெருமையாகத்தான் சொல்லியிருப்பார். வில்லிக்கு வசவுதான் விருது.

என் அனுபவமா? திருச்சியில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவில் ஒரு சீரியல் நடிகையைத் தூரத்தில் பார்த்தேன். உயரம் குறைவு.

மேலமாசிவீதி:
சித்தப்பா, நான் குற்றம் சொன்னது என்னை. மறுபடி ஒரு முறை படியுங்கள். பெருமையாகச் சொன்ன முகம் இல்லை அது.

நைட்_டிரிப்:
நான் டிராவல்ஸ் டிரைவர். வில்லிக்கு வசவு விருது என்று எழுதியவருக்காகவே இதைச் சொல்கிறேன்.

2022, ஆடி வெள்ளி. காலை ஆறரைக்கு வடபழனியில் ஒரு மேடத்தை ஏற்றினேன். பூந்தமல்லி பக்கம் ஷூட்டிங். ஒன்றரை வருஷமாக நான்தான் போவேன், வருவேன். டிக்கியில் பெரிய பையில் பத்துப் பன்னிரண்டு சேலை இருக்கும், எல்லாம் அவர் சொந்தக் காசில் வாங்கியது. நேற்று வாசலில் நிற்கிற மாதிரி எடுத்து, இன்றைக்கு உள்ளே வருகிற காட்சி என்றால் அதே சேலை, அதே ஜாக்கெட், அதே தோடு வேண்டும். கண்டினியூட்டி என்பார்கள். அதற்காக ஒவ்வொரு சேலையிலும் ஒரு சீட்டைக் குத்தி வைத்திருப்பார்.

போரூர் நெருங்கும்போது யாரோ வாட்ஸ்அப்பில் புது ப்ரோமோவை அனுப்பினார்கள். பின்சீட்டில் சத்தம் வைத்துப் பார்த்தார். அவர் பாத்திரத்தின் பெயர்தான், அவர் வசனத்தின் மிச்சம்தான். ஆனால் குரல் வேறு. முகமும் வேறாகத்தான் இருந்திருக்கும், நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். "இனி இவருக்குப் பதில் இவர்" என்று கீழே ஒரு வரி போடுவார்களே, டிவி முன்னால் உட்கார்ந்து நாம் எத்தனை முறை சிரித்திருப்போம்! அன்றைக்கு அந்த "இவர்" என் வண்டியில் இருந்தார். மேனேஜருக்கு இரண்டு முறை போன் போட்டார். எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து, "அண்ணா, இவ்வளவு தூரம் வந்துட்டோம், திருவேற்காடு போய் அம்மனைப் பார்த்துட்டுத் திரும்பிடலாம்" என்றார்.

கோயிலில் ஆடிக் கூட்டம். ஒரு வயசான அம்மா அவர் கன்னத்தைத் தடவி, "ஏங்கண்ணு, அவன் உன்னை மறுபடி ஏத்துக்குவானா மாட்டானா?" என்று கேட்டது. சுற்றி நின்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இவர் சிரித்தபடி, "இன்னிக்கு ராத்திரி பாருங்கம்மா, நல்லாருக்கும்" என்றார்.

வாங்கிய எலுமிச்சம்பழத்தை என் வண்டி டேஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கினார். அப்புறம் எனக்கு அந்த டிரிப் வரவில்லை.

சித்தப்பா_ரிட்டயர்டு:
கால்ஷீட் சொதப்பியிருப்பார். காரணமில்லாமல் மாற்ற மாட்டார்கள்.

நைட்_டிரிப்:
ஒன்றரை வருஷத்தில் நான் லேட்டாகப் போயிருக்கிறேன், அவர் லேட்டாக இறங்கியதில்லை. அடுத்தவர் பிழைப்பை வீட்டில் உட்கார்ந்து பேசாதீர்கள் சார்.

குரல்_மட்டும்:
நான் டப்பிங் பேசுகிறேன். என்னை யாருக்கும் தெரியாது, என் குரல் உங்கள் வீட்டு ஹாலில் மூன்று வருஷம் கேட்டது.

நான் குரல் கொடுத்த பெண் கர்நாடகத்துக்காரர். தமிழ் சுத்தமாக வராது. கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் வசனத்தைச் சொல்லச் சொல்ல, அதை அப்படியே திருப்பிச் சொல்வார். உதட்டசைவை நாங்கள் பிடித்துக்கொள்வோம். சில நாள் இரவு ஒளிபரப்பாக வேண்டிய எபிசோடுக்கு மதியம்தான் பேசி முடிப்போம். டப்பிங் என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து படிக்கிற வேலை என்று நினைக்காதீர்கள். ‘எதிர்நீச்சல்’ மாரிமுத்து சார் 2023 செப்டம்பரில் டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார்.

மூன்று வருஷத்தில் நாங்கள் இருவரும் நேரில் பார்த்தது ஒரே முறை. தி.நகரில் ஒரு பாத்திரக்கடையில் தற்செயலாக. அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நான் ஊமை அக்கா" என்றார், கொச்சைத் தமிழில், அவ்வளவு அழகாக. அதற்குள் கடைப் பெண்கள் சூழ்ந்துவிட்டார்கள். ஒரு பெண் கேட்டாள், "என்ன மேடம், குரல் ஒரு மாதிரி இருக்கு, ஜலதோஷமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குக்கர் மூடியைப் பார்த்தேன். "ஆமாம்மா, ஜலதோஷம்" என்றார்.

"இதோ, அந்தக் குரல் இவங்களுது" என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேனா, சொல்லக் கூடாது என எதிர்பார்த்தேனா, இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பெண் உடனே உள்ளே போய், சுக்கு மல்லிக் காபித்தூள் பாக்கெட் ஒன்றைத் தன் பையிலிருந்து எடுத்து வந்து அவர் கையில் திணித்தாள். அவர் அதை வாங்கி, வெளியே வந்ததும் என்னிடம் கொடுத்துவிட்டார்.

வரவு_செலவு:
நான் கணக்குப் பார்ப்பவன். 2018இல் ஒரு துணை நடிகை வந்தார். அண்ணி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி என்று வருவாரே, அந்த வகை. மாதம் ஏழெட்டு நாள் வேலை, அவர் டிராக், அதாவது கதையில் அவர் வரும் பகுதி, ஓடாத மாதம் ஒன்றுமில்லை. ஒரு ஜவுளிக்கடைப் பை நிறையக் காகிதம். வேலை செய்த தேதிகளை சீன் பேப்பரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். "இந்த வீட்டுல எனக்கு ஒரு ரூபாய்க்காவது உரிமை இருக்கா?" என்று அச்சடித்திருந்தது. நானும் படித்தேன், அவரும் படித்தார். "அந்த சீனுக்கே இன்னும் பணம் வரலை சார்" என்றார். சிரித்துவிட்டோம். வருஷக்கணக்கில் சம்பளத்திலேயே வருமான வரிக்காகப் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்திருந்தார்கள், அதைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் என்று ஒன்று போட வேண்டும் என்றே யாரும் சொல்லவில்லை. பழைய வருஷங்களுக்குக் காலக்கெடு போய்விட்டது. அந்தப் பணம் போனது போனதுதான்.

இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது பெண் பிள்ளை நடிக்கப் போகிறது என்றால் தயவுசெய்து கேளுங்கள். முதலில், சம்பளம் நாள் கணக்கு. மாதச் சம்பளம் என்று நினைத்து வீட்டு லோன் போடாதீர்கள். ஒரு டிராக் நன்றாகப் போகிறது என்று கார் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிஆர்பி இறங்கினால் கதையில் உங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பணம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை பெட்ரோலுக்கும் சேலைக்கும் கையில் வைத்திருக்க வேண்டும். சேலை, ஜாக்கெட் தையல்கூலி, மேக்கப் சாமான் எதுவானாலும் பில் வாங்குங்கள், அதெல்லாம் தொழில் செலவு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ஒரு நகல் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதீர்கள். பிஎஃப் கிடையாது, மருத்துவக் காப்பீட்டையும் நீங்களேதான் எடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் ஷூட்டிங்கை நிறுத்தினார்கள். அப்புறம் மே மாதக் கடைசியில் அறுபது பேரோடு எடுக்கலாம் என்று அரசு அனுமதி கொடுத்தபோது, அந்த அறுபதில் லைட்மேன் இருந்தார், கதாநாயகி இருந்தார். அத்தையும் பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை. என் கட்சிக்காரர் அந்த வருஷம் வடகம், பொடி போட்டு விற்றார். அதற்கும் கணக்கு நான்தான் பார்த்தேன்.

சாலிகிராமம்_பழசு:
நல்ல ஆலோசனை சார், ஆனால் இங்கே யாரும் கேட்கவில்லையே :)

வரவு_செலவு:
கேட்டுவிட்டு வருவதற்குள் காலக்கெடு முடிந்துவிடும் அம்மா.

மேலமாசிவீதி:
எல்லாருக்கும் நன்றி. குரல்_மட்டும் எழுதியதை மூன்று முறை படித்தேன்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "அந்த மண்டபத்துல ஒரு நடிகை பிள்ளையத் தூக்க வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எனக்கெங்க ஞாபகம், அன்னைக்கு எத்தனையோ பேரு வந்தாங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். வளையல் விஷயத்தை நான் இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, நேற்றும் சொல்லவில்லை.

தூங்கப் போகும்போது அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "டிவியில அம்புட்டு நகை போட்டுக்கிட்டு வருவா. அன்னைக்குக் கையில கண்ணாடி வளையல்தான்டி கிடந்துச்சு. பச்சைக் கலரு."