தோடியின் ஆரோகணத்தில் முடியும் ஓர் ஓப்பரா: பிலிப் கிளாஸை நான் அறிந்துகொண்ட விதம்

இங்கே பலரும் தாம் நேரில் சந்தித்த வித்துவான்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் எழுதுவது அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸைப் பற்றி. அவரை நான் கண்டதில்லை. அவருடைய இசையும் தொழில் வாழ்க்கையும் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் கர்நாடக சங்கீதம் கற்பிக்கும் என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு மாணவனின் கேள்வியால்.

அவன் பாடசாலையை விட்ட பிறகு ஹட்டனில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். இரவில் தானே சுரக்கோர்வைகள் அமைத்துக் கொப்பியில் எழுதுகிறான். "டீச்சர், சொந்தமா இசை அமைக்கிறவங்க சீவியத்துக்கு என்ன செய்வாங்க?" என்று ஒருநாள் கேட்டான். கோயில் கச்சேரி, கல்யாண வீட்டு இசைக்குழு, ஆசிரியத் தொழில் ஆகியவற்றுக்கு அப்பால் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அதனால் இசையமைப்பாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

கிளாஸ் 1937 இல் பால்டிமோரில் பிறந்தவர். தந்தை வானொலி திருத்தும் கடையோடு இசைத்தட்டுகளும் விற்றவர். விலைபோகாத தட்டுகளை, அவை ஏன் விலைபோகவில்லை என்று அறிவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்பாராம். நவீன இசை மகனின் காதில் முதலில் விழுந்தது அப்படித்தான். நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் படித்த பின்னர் 1964 இல் பாரிஸ் சென்று இசை ஆசிரியை நாடியா பூலான்ஜேயிடம் கடுமையான பயிற்சி பெற்றார். அங்கேதான் ரவி சங்கர் ஒரு திரைப்படத்துக்கு அமைத்த இசையை மேற்கத்தியக் கலைஞர்கள் வாசிப்பதற்காக அவர்களுடைய குறியீட்டில் எழுதிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. எழுதியதை வாசித்தபோது அழுத்தங்கள் தவறான இடங்களில் விழுகின்றன என்று தபேலாக் கலைஞர் அல்லா ரக்கா விடாமல் மறுத்தார். குறியீட்டில் இசையைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் கோடுகள் அனைத்தையும் அழித்துவிட்டுப் பார்த்தபோதுதான், இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது ஒரு தாளச் சுற்றில், வந்து முடியும் ஓட்டம் கிளாஸின் கண்ணுக்குத் தெரிந்தது. நம்மிடம் தாளம் போடப் பழகிய எந்தப் பிள்ளைக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. அவர் பிற்பாடு எழுதிய இசையில் ஒரு சிறு சுரக்கூட்டம் திரும்பத் திரும்ப ஒலித்து, ஒவ்வொரு சுரமாகக் கூடியும் குறைந்தும் செல்வதற்கு அடிப்படை அந்த அனுபவம்.

என் மாணவன் அதிக கவனத்தோடு கேட்டது இதற்குப் பிந்திய பகுதியை. 1967 இல் நியூயோர்க் திரும்பிய கிளாஸ் தமக்கென ஒரு சிறு வாத்தியக் குழுவை அமைத்துக்கொண்டு, தளபாடம் சுமந்தும், குழாய் பொருத்தியும், வாடகைக் கார் ஓட்டியும் வாழ்ந்தார். பாத்திரம் கழுவும் இயந்திரம் பொருத்தச் சென்ற ஒரு வீட்டில், அதன் சொந்தக்காரரான கலை விமர்சகர் ரொபர்ட் ஹியூஸ் அவரை அடையாளம் கண்டு திகைத்துப்போனார். 1976 நவம்பரில் அவருடைய முதல் ஓப்பரா (பாடியே நடத்தப்படும் மேற்கத்திய இசை நாடகம்) நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் ஓப்பரா அரங்கில் நடந்தபோது இருக்கைகள் நிரம்பி வழிந்தன. ஆனாலும் தயாரிப்பு கடனில் முடிந்ததால் அவர் மீண்டும் கார் ஓட்டப் போனார். இசையை மட்டும் நம்பி வாழ முடிந்தபோது அவருக்கு வயது 41.

இதைத் தியாகக் கதையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பல்கலைக்கழகப் பதவியை நாடாமல், குழுவோடு பயணம் போக வேண்டிய நேரத்தில் விட்டுப் போகக்கூடிய வேலைகளாகப் பார்த்து அவர் தெரிவு செய்திருக்கிறார். தம் இசையை வேறு குழுக்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததும், அதைக் கேட்க விரும்புவோர் தம் குழுவையே அழைக்க வேண்டும் என்பதற்காக. பிழைப்பையும் படைப்பையும் இவ்வளவு தெளிவாகத் திட்டமிட்ட ஒருவரைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

1980 இல் ரொட்டர்டாமில் அரங்கேறிய 'சத்தியாக்கிரகா' என்ற ஓப்பராவைக் கேட்டபோது எனக்கு நேர்ந்தது வேறு. காந்தியின் தென்னாபிரிக்க ஆண்டுகளைச் சொல்லும் அந்த ஆக்கத்தில் பாடப்படுபவை முழுவதும் பகவத் கீதையின் சமஸ்கிருத வரிகள்; வாத்தியங்களில் தந்தியும் குழலும் ஓர்கனும் உண்டு, பித்தளைக் கருவிகளும் தாளக் கருவிகளும் இல்லை. இறுதி அங்கம் 1913 ஆம் ஆண்டின் நியூகாசில் நடைபயணத்தைப் பற்றியது. விடுதலை பெற்ற ஒப்பந்தக் கூலிகள் மீது விதிக்கப்பட்ட 3 பவுண் வரியை எதிர்த்து அன்று நடந்த 2,000க்கும் மேற்பட்டவர்களில் தமிழர் பலர். எங்கள் முன்னோர் இந்த மலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட அதே காலத்தில், அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களும் அத்தகையோரின் வழிவந்தவர்களுமே அவர்கள். தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்த என்னால் அந்த அங்கத்தைத் தள்ளி நின்று கேட்க முடியவில்லை.

அதன் முடிவில் காந்தி பாடுவது ஓர் ஏறுவரிசை மட்டுமே. அது முப்பது தடவை திரும்பி வருகிறது. சுருதிப் பெட்டியை வைத்துச் சரிபார்த்தால் சுரங்கள் அப்படியே நம் அனுமத்தோடி ராகத்தின் ஆரோகணம். (சுரங்களை அசைத்துப் பாடும் கமகம் எதுவும் இல்லாததால் அதைத் தோடி ராகம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.) வகுப்பில் போட்டுக் காட்டியபோது, "இது சரளி வரிசை மாதிரி இருக்கே டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. அவள் சொன்னது சரிதான். மூன்று அங்கங்களைத் தாண்டி வந்த ஒரு பெரிய படைப்பு, நாம் முதல் வகுப்பில் பாடவைக்கும் ஏறுவரிசையைப் போன்ற ஒன்றில் முடிகிறது. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

அந்த மாணவன் கடை வேலையை விடவில்லை. எங்கள் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் தப்பு என்ற பறையில் அடிக்கப்படும் அடிகளைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டு எழுதி, அவற்றை ஒவ்வோர் அடியாகக் கூட்டிக் குறைத்து ஓர் உருப்படி அமைத்துக்கொண்டிருக்கிறான். தப்போடு கீபோர்ட் சேரலாம் என்பது அவன் எண்ணம். தப்பின் ஓசையைக் கீபோர்ட் அமுக்கிவிடும், வயலின் போதும் என்பது என்னுடையது. காமன் கூத்துக்குத் தப்படித்த அனுபவமுள்ளவர்கள் உங்களிடையே இருந்தால், உங்கள் தோட்டத்து அடிகளையும் எழுதுங்கள், அவனிடம் காட்டுகிறேன்.